வாசகர் கேள்வி: முதல்வர் நாற்காலியில் பதினெட்டு ஆண்டுகள்

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் 1999 முதல் 2017 வரை முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். பதில்களில் வரும் மாணவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் தம் பெயரையும் கல்லூரியின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

*கேள்வி: நீங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து முதல்வர் நாற்காலிக்கு வந்த கதையைச் சொல்லுங்கள் அம்மா. (வாசகி, பந்திங்)*

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் பிறந்தது 1957-இல். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பால்வெட்டு வேலைதான். விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும்போது என்னையும் தம்பியையும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். தோட்டப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்கும். மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே ஐந்தாம் வகுப்புக் கணக்கு என் காதில் விழுந்துகொண்டிருக்கும். கணக்கில் எனக்குப் பயம் விட்டுப்போனது அப்படித்தான்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தன. தோட்டம் கைமாறினால் வேலையும் போகும், லயத்து வீடும் (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) போகும். அதற்கு ஒரு வழியாகத்தான் அன்றைய ம.இ.கா. தலைவரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளையே பங்கு வாங்க வைத்தார். அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாங்கினார். அந்தத் தாளை முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பார். எனக்குப் படிப்பு விஷயத்திலும் அவர் சொன்னது அதே பேச்சுதான்: "கொஞ்சம் கொஞ்சமாக் கட்டும்மா, நடுவுல மட்டும் விட்டுடாதே."

அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் நேராக இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது, நாங்கள் அதை ரிமூவ் கிளாஸ் என்போம். 1970-இல் பட்டணத்துப் பள்ளியில் அந்த வகுப்பில் சேர்ந்தேன். கேன்டீன் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டது அங்கேதான். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் நாலு பேர் மட்டும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மணி அடிக்கும் வரை அங்கேயே பேசிக்கொண்டிருப்போம். ஏன் சாப்பிடப் போகவில்லை என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பசிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்போம். இதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் ஈப்போவில். 1978-இல் ஒரு தகரப் பெட்டியோடு புடுராயா பேருந்து நிலையத்தில் இறங்கினேன், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க. ஆரம்பப் பள்ளியில் தமிழ், இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம், பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் மலாய். 1981-இல் பட்டம், அடுத்த ஆண்டு ஆசிரியர் டிப்ளோமா, அதன்பின் ஐந்தாண்டு அரசாங்கப் பள்ளியில் வேலை. 1987-இல் ஒரு கடைவீட்டின் இரண்டு மாடிகளில் நடந்த சின்னக் கல்லூரிக்கு விரிவுரையாளராகப் போனேன். பென்ஷன் வேலையை விடுகிறாளே என்று அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கல்லூரியே வளர்ந்தது, நானும் அதோடு வளர்ந்தேன். 1996-இல் துணை முதல்வர், 1999-இல் முதல்வர்.

*கேள்வி: கல்லூரி முதல்வர் ஒரு நாள் முழுக்க என்ன செய்வார்? அறையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுவாரா? எனக்கும் முதல்வராக ஆசை. (படிவம் 4 மாணவி, சிரம்பான்)*

கையெழுத்தும் உண்டு கண்ணு, நிறைய உண்டு. ஆனால் என் நாள் கழிப்பறையில்தான் தொடங்கும். ஏழு மணிக்கு வந்ததும் ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன். தண்ணீர் வராத நாளில் எவ்வளவு நல்ல விரிவுரையாளர் வந்து நின்றாலும் மத்தியான வகுப்பில் பாதிப் பெண்கள் இருக்கமாட்டார்கள். அப்புறம் யார் விடுப்பு, யாருடைய வகுப்பை யார் எடுப்பது என்று எட்டு மணிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பத்து மணிக்கு மேல் கோப்புகள். நம் நாட்டில் தனியார் கல்லூரிகள் 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன. ஒரு படிப்பைத் தொடங்க முதலில் தற்காலிக அங்கீகாரம் வாங்க வேண்டும். முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பார்ப்பது எம்.கியூ.ஏ. என்கிற தகுதி நிர்ணய நிறுவனம், 2007-இல் வந்தது. அதற்கு முன் எல்.ஏ.என். இருந்தது. மதிப்பீட்டாளர்கள் வந்தால் விரிவுரையாளரின் சான்றிதழிலிருந்து மாணவன் எழுதிய விடைத்தாள் வரை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த வாரம் முழுக்க ஒருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. யாரோ ஒருவர் வந்து கேட்பார் என்ற பயம் இருந்தால்தான் சில கல்லூரிகள் நூலகத்துக்குப் புத்தகமே வாங்கும்.

பன்னிரண்டரைக்கு நான் கேன்டீன் பக்கம் நடப்பேன். இது எந்த அட்டவணையிலும் இல்லாத வேலை. பிற்பகலில் கூட்டங்கள். கல்லூரி முதலாளிகள் கேட்பது ஒரே கேள்வி, இந்த இன்டேக்கில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது. மாலை ஐந்து மணிக்குக் கணக்குப் பிரிவுக் கவுன்டர் அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆறரைக்கு வேலை முடிந்து வரும் பகுதிநேர மாணவர்கள் பசியோடு வருவார்கள். அவர்களையும் பார்த்துவிட்டுப் போனால் வீட்டுக்குப் போக எட்டு மணி.

*கேள்வி: முதல்வர், தலைவர், துணைவேந்தர் என்று விதவிதமாகச் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்? (வாசகர், தைப்பிங்)*

பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தர். வேந்தர் கௌரவப் பதவி, பட்டமளிப்பு விழாவில் பார்க்கலாம். கல்லூரி என்றால் முதல்வர், பேச்சில் பிரின்சிபல். நம் சட்டம் தனியார் கல்லூரியின் பொறுப்பாளரைத் தலைமை நிர்வாகி என்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து பிரெசிடென்ட் என்பார்கள், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சில இடங்களில் தலைவர் என்று போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் மாணவர்களுக்கு நான் எப்போதும் டீச்சர்தான்.

*கேள்வி: உங்களுக்கு முன்மாதிரியாக இருந்த கல்வியாளர்கள் யார்? (தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கைப் பட்டாணி)*

முதலில் உங்கு அசிஸ். 1968 முதல் 1988 வரை இருபது ஆண்டுகள் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நான் படித்த காலம் முழுக்க அவர்தான். ஹஜ்ஜுக்குப் போக ஏழைகள் சேமிக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1959-இல் திட்டம் எழுதிக் கொடுத்தவர், அதுதான் பின்னால் தாபுங் ஹாஜி ஆனது. பொருளாதார வகுப்பில் அவருடைய கைலிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வீட்டின் வறுமையை அளக்க வருமானத்தைக் கேட்டுக்கொண்டிருக்காதே, அந்த வீட்டில் எத்தனை கைலி இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார் என்பார். ஆளுக்கு ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வீடு வறுமையில் இருக்கிறது.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் கொடியில் காய்ந்த கைலிகளை எண்ணினேன். ஐந்து பேருக்கு நான்கு. அம்மா என்னடி எண்ணுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதுவரை நாங்கள் ஏழை என்று எனக்குத் தெரியும். அதை ஒருவர் எங்களைக் கேட்காமலேயே, எங்களைத் தலைகுனிய வைக்காமலேயே தெரிந்துகொள்ள முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேன்டீன் நடை அங்கிருந்து வந்ததுதான். கஷ்டப்படும் மாணவனைக் கூப்பிட்டு உன் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் வராது. நான் பார்த்தது வேறு. மதிய நேரத்தில் யார் நூலகத்தில் தனியாக இருக்கிறார்கள், யார் தண்ணீர் போத்தலை மட்டும் வைத்துக்கொண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் மாதக் கடைசியில் மட்டும் வராமல் போகிறார்கள். பஸ்ஸா, எல்.ஆர்.டி.யா, நடையா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். செந்தூலிலிருந்து நடந்தே வருகிறேன் என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னால், அன்று மாலையே அவனுக்கு நூலகத்தில் மணிக்கணக்கு வேலை ஒன்று தயாராகிவிடும். அதை உதவி என்று சொல்லவேமாட்டேன். புத்தகம் அடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா என்றுதான் கேட்பேன்.

இரண்டாவது, தனிநாயகம் அடிகள். 1960-களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் சென்னையில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இல்லை, நம் கோலாலம்பூரில் நடந்தது என்றால் அதற்கு அவர்தான் காரணம். நான் அவரிடம் படித்ததில்லை, காலம் தள்ளிப் போய்விட்டது. ஆனால் ஒரு துறையின் தலைவர் எவ்வளவு பெரிதாக நினைக்கலாம் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, ராசம்மா பூபாலன். பதின்ம வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்து பர்மா போனவர். பிறகு இங்கே பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று போராடியவர், கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். 1982-இல் நான் வேலைக்குப் போன முதல் மாதம், பக்கத்து மேசை ஆண் ஆசிரியர் வாங்கிய அதே சம்பளத்தை நானும் வாங்கினேன். யாருடைய உழைப்பால் என்று தெரிந்தே வாங்கினேன்.

*கேள்வி: உங்கள் பணிக்காலத்தில் மிகக் கடினமான ஆண்டு எது? (வாசகர், காஜாங்)*

1998. சந்தேகமே இல்லை.

எங்கள் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பு இருந்தது. முதல் இரண்டாண்டு இங்கே, அடுத்த இரண்டாண்டு அங்கே. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத நம் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவு. 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் விழுந்தது, பின்னாலேயே நம் வெள்ளியும் (ரிங்கிட்) விழத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு டாலர் இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. ஆண்டுக்கு 12,000 டாலர் கட்டணம் என்றால் 30,000 வெள்ளி என்று கணக்குப் போட்டு வைத்திருந்த குடும்பம், திடீரென்று 58,000-க்கு மேல் புரட்ட வேண்டும். அது ஓராண்டுக்கு, அதுவும் சாப்பாடு, தங்குமிடம் இல்லாமல்.

அந்த ஆண்டு புறப்பட வேண்டியவர்கள் 23 பேர். பெட்டிகூட வாங்கிவிட்டார்கள். செந்தூலில் கார் பட்டறை வைத்திருந்த ஒருவர் வீட்டு கிராண்டை (உரிமைப் பத்திரத்தை) எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். விரலிடுக்கில் கிரீஸ் கறை. கிராண்டை மேசைமேல் வைத்து, "இத வித்தா ஒரு வருஷத்துக்குத்தான் காணும் டீச்சர். ரெண்டாவது வருஷத்துக்கு என்னத்த விக்கிறது?" என்று கேட்டார். நான் கிராண்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, ஒரு மாதம் பொறுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள் என்றேன். அப்போது என்னிடம் எந்த வழியும் இல்லை. துணை முதல்வர் என்ற பெயர்ப்பலகை மட்டும்தான் இருந்தது.

அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே நடுநிசி. இரண்டு மாதம் இரவில் கல்லூரியிலேயே இருந்து தொலைபேசியில் பேசினேன். சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைக் குறைத்தன, சில தவணைக்கு ஒத்துக்கொண்டன. நல்ல காலம், அரசாங்கம் 1998-இல் 3+0 திட்டத்துக்கு வழிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை மூன்றாண்டும் இங்கேயே படித்து வாங்கலாம். எங்களுக்கு உடனே அனுமதி வரவில்லை, மறு ஆண்டுதான் வந்தது. 23 பேரில் 9 பேர் எப்படியோ அமெரிக்கா போனார்கள். 11 பேர் இங்கேயே தங்கி, காத்திருந்து, சில பாடங்களை மறுபடி படித்து, பட்டம் வாங்கினார்கள். பட்டறைக்காரர் மகன் அதில் ஒருவன். வீடு இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

3 பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். செப்டம்பரில் டாலரை 3.80 என்று அரசாங்கம் கட்டிப்போட்டபோது அவர்கள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். நான் தேடிப் போய்ப் பேசினேன். சம்பளம் வாங்கத் தொடங்கிய பிள்ளையை வீடு திருப்பி அனுப்பாது.

*கேள்வி: என் மகனுக்கு எஸ்.பி.எம்.-இல் (படிவம் ஐந்துத் தேர்வு) 4 பாடங்களில்தான் கிரெடிட் (நல்ல தேர்ச்சி). ஓர் ஏஜென்ட் ஃபவுண்டேஷனில் (பட்டப்படிப்புக்கு முந்திய வகுப்பு) சேர்த்துவிடலாம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார். நம்பலாமா? (ஒரு தந்தை, கிள்ளான்)*

கட்டாதீர்கள் ஐயா. ஃபவுண்டேஷனுக்குக் குறைந்தது 5 கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவுக்கு 3 போதும், உங்கள் மகன் அதற்குத் தாராளமாகப் போகலாம். டிப்ளோமா முடித்தால் பட்டப்படிப்புக்கு வழி இருக்கிறது. படிப்புக்குத் தகுந்தபடி கணிதம், ஆங்கிலம் போன்ற பாடங்களில் கிரெடிட் கேட்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும், ஒரு சொல் மாறினாலும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடனும் கிடைக்காது. மகனுக்குக் கை வேலையில் ஆசை இருந்தால் திறன் சான்றிதழ் பாதையையும் யோசியுங்கள். அதிலும் மூன்றாம் நிலை தாண்டினால் டிப்ளோமா இருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் ஏஜென்ட் சொன்னது இருக்கிறது, அவன் சொன்னது இல்லை.

*கேள்வி: முதல்வராக நீங்கள் எடுத்த முடிவுகளில் இன்றும் உறுத்துவது ஏதாவது உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈப்போ)*

உண்டு. 1999, நான் முதல்வரான முதல் ஆண்டு.

கட்டணம் பாக்கி வைத்திருக்கும் மாணவர்களின் பட்டியல் ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் முதல்வரிடம் வரும். முதல்வர் கையெழுத்துப் போட்டால் அந்த மாணவர்கள் தேர்வு எழுத முடியாது. எல்லாக் கல்லூரியிலும் இருந்த நடைமுறைதான். அந்த முறை 31 பேர். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் பட்டியல் வந்தது. பெயர்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதில் ஒரு பெண், கணக்கியல் டிப்ளோமா, இரண்டாம் செமஸ்டர். பாக்கி 640 வெள்ளி. விஷயம் தெரியாமல் தேர்வு மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் பெயரைச் சொல்லி எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார். அவள் எதுவும் பேசவில்லையாம். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா ரவாங்கிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் தினசரித் தாளில் சுற்றிய இரண்டு நூலகப் புத்தகங்கள். "நாள் தள்ளிப் போச்சு மேடம், பிள்ளைக்கு அபராதம் போட்றாதீங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். மகளை அனுப்பச் சொல்லுங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "அவ வரமாட்டா மேடம். ஃபேக்டரில சேந்துட்டா. அத்தன பேருக்கு முன்னால எழுப்பிட்டாங்கன்னு ராத்திரியெல்லாம் அழுதுச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவாங்குக்குப் போனேன். அந்தப் பெண் மைலோ கலக்கிக் கொடுத்தாள், மரியாதையாகப் பேசினாள், நான் மன்னிப்புக் கேட்டபோது "பரவால்ல மேடம்" என்றாள். கல்லூரிக்கு வரவில்லை. அவள் கணக்கியலில் எடுத்திருந்த மதிப்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் மூன்றாவது.

அதற்குப் பிறகு கல்லூரியில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்த யாரையும் பணத்துக்காக எழுப்பக் கூடாது. பட்டியல் ஆறு வாரம் முன்பே என்னிடம் வர வேண்டும், அதில் உள்ள ஒவ்வொருவரையும் நான் தனியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். முதலாளிகள் பயந்தார்கள், இப்படி விட்டால் யாரும் கட்டமாட்டார்கள் என்றார்கள். இரண்டாண்டு கழித்துக் கணக்குப் பிரிவுத் தலைவரே வந்து, பாக்கி முன்பைவிடக் குறைந்திருக்கிறது டீச்சர் என்றார். வகுப்புக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளை எப்படியாவது கட்டிவிடுகிறது. ஒளிந்துகொள்ளும் பிள்ளையிடம்தான் பணம் நின்றுபோகிறது. மாலை ஐந்து மணிக்குக் கவுன்டர் பக்கத்தில் நாற்காலி போட்டதும் அதற்காகத்தான். அங்கே நிற்க வெட்கப்படும் பிள்ளைக்கு, டீச்சரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சாக்கு.

*கேள்வி: இவ்வளவு பொறுப்போடு குடும்பத்தை எப்படிக் கவனித்தீர்கள்? (வாசகி, பட்டர்வொர்த்)*

நான் தனியாகக் கவனிக்கவில்லை. என் கணவர் ரயில்வேயில் ஷிப்ட் வேலை, பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, மாமியார் எங்களோடு இருந்தார். காலைச் சமையல் அவர், இரவுச் சமையல் வேலை முடிந்து முதலில் வீட்டுக்கு வருபவர். பெரும்பாலும் கணவர்தான். மாமியார் கால் முடியாமல் படுத்த மூன்று ஆண்டுகளில் நான் மேற்படிப்பை நிறுத்தினேன். அது எனக்குச் சரியாகப்பட்டது. என் மகன் ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதிய காலையில் நான் மதிப்பீட்டாளர்களோடு கூட்டத்தில் இருந்தேன். அதை அவன் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அவனிடம் அதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து பேசினேன், அவனுக்கு இருபத்தைந்து வயதானபோது. பன்னிரண்டு வயதில் பேசியிருக்க வேண்டும்.

*கேள்வி: பினாங்கில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வேலை போய்விட்டது. இரண்டு செமஸ்டர் கட்டணம் பாக்கி. கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததிலிருந்து நான் வகுப்புக்குப் போவதில்லை. வீட்டில் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எஸ்பிளனேடில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது? பெயர் போடாதீர்கள். (மாணவர்)*

தம்பி, உன் கடிதம் வந்த அன்றைக்கே இதை எழுதுகிறேன்.

முதலில், நாளையிலிருந்து வகுப்புக்குப் போ. பணம் கட்டாதவன் வகுப்பில் உட்காரக் கூடாது என்று உன் கடிதத்தில் எங்கும் இல்லை, கட்டச் சொல்லித்தான் கடிதம் வந்திருக்கிறது. வருகைப் பதிவு குறைந்துபோனால் அது இன்னொரு பிரச்சினையாகிவிடும். பிறகு பணம் வந்தாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

இரண்டாவது, கணக்குப் பிரிவுக்குத் தனியாகப் போகாதே. மாணவர் விவகாரப் பிரிவுக்கோ, உனக்குப் பிடித்த ஒரு விரிவுரையாளரிடமோ முதலில் போ. வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. நாலு வரி போதும்: அப்பாவுக்கு வேலை இல்லை, பாக்கி இவ்வளவு, மாதம் இவ்வளவு என்னால் கட்ட முடியும், தவணைக்கு அனுமதி வேண்டும். மாதம் ஐம்பது வெள்ளிதான் முடியும் என்றால் ஐம்பது என்றே எழுது. பெரிய தொகையை எழுதிவிட்டு இரண்டாம் மாதம் தவறினால் அடுத்த முறை கேட்க இன்னும் வெட்கப்படுவாய். அப்பாவின் மருத்துவச் சான்றின் நகல் ஒன்றையும் சேர்த்து வை. கொடுத்த கடிதத்தில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி ஒரு நகலை நீ வைத்துக்கொள்.

மூன்றாவது, பி.டி.பி.டி.என். கடன் எடுத்திருக்கிறாயா என்று நீ எழுதவில்லை. எடுக்காவிட்டால், நடுவில் விண்ணப்பிக்கலாம், படிப்பு இன்னும் ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும். நீ மூன்றாம் செமஸ்டர், எத்தனை மாதம் மிச்சம் என்று இந்த வாரமே பார். அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிப்போகலாம். சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்கச் சொல்வார்கள், சின்னத் தொகைதான்.

அப்புறம் அம்மாவிடம் சொல். அப்பாவிடம் உடனே சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சரி, அம்மாவுக்காவது தெரியட்டும். நீ கடற்கரையில் உட்கார்ந்திருப்பதை யாரோ ஒருவர் போய் அவரிடம் சொல்வதற்கு முன் நீ சொல்லிவிடு. நானும் பள்ளியில் பசிக்கவில்லை என்று சொல்லியே பல நாள் குழாயடியில் நின்றவள். உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை போ, கவுன்டரில் கூட்டம் சேரும் முன். போகும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இந்த இதழின் முகவரிக்கே எனக்கு எழுது. அந்தப் பதிலை இங்கே அச்சில் போடமாட்டேன், உனக்கு மட்டும் எழுதுவேன்.